திங்கட்கிழமை மட்டும் பச்சை

போன மாதம் எனக்கு ஒரு அதிகாரம் கிடைத்தது. அதன் பெயர் 'பார்க்க மட்டும்'.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே அப்படித்தான் போட்டிருக்கிறது. கம்ப்யூட்டரைத் திறந்து என் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினால், திரையின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் வருகிறது... பார்க்க மட்டும். இத்தனை வருசம் பத்தி எழுதி, ஊருக்கெல்லாம் யோசனை சொல்லி, கடைசியில் கிடைத்த பட்டம் இது.

எங்கே என்று கேட்கிறீர்களா? பீளமேட்டில் ஒரு சின்ன டிரஸ்ட் இருக்கிறது. கல்யாணம், பிள்ளை என்று வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களுக்குக் கணக்கும் கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுத்து, மறுபடி வேலைக்கு அனுப்பும் இடம். மாடியில் வகுப்பு. கீழே ஆபீஸ், ஒரு ஹால், இலவச பிசியோதெரபி மையம். 'பத்திரிகையில எழுதறவங்க, நாலு விசயம் தெரிஞ்சவங்க' என்று என்னையும் அதில் டிரஸ்டியாகப் போட்டுவிட்டார்கள். என் கடமை என்ன? கூட்டத்துக்குப் போவது, போண்டா சாப்பிடுவது, கையெழுத்துப் போடுவது, வீட்டுக்கு வருவது. குறையில்லாமல் செய்துகொண்டிருந்தேன்.

அந்த டிரஸ்டில் போன வருசமே ஒரு சாப்ட்வேர் வாங்கிவிட்டார்கள். டிரஸ்டிகளான எங்களுக்கு இப்போதுதான் திறந்துவிட்டார்கள். அதை அமைத்துக்கொடுத்த கம்பெனியிலிருந்து ஹரி என்று ஒரு இளைஞர் கூட்டத்துக்கு வந்து விளக்கினார்.

"மேடம், கடைக் கணக்குல எல்லாப் பணமும் ஒரே கல்லாப்பெட்டிங்க. டிரஸ்ட்டுல அப்படி இல்லீங்க. பயிற்சிக்குன்னு குடுத்தது பயிற்சிக்கு. வைத்தியத்துக்குன்னு குடுத்தது வைத்தியத்துக்கு. கட்டடத்துக்குக் குடுத்தது கட்டடத்துக்கு. ஒண்ணுல எடுத்து இன்னொண்ணுல போடக் கூடாதுங்க."

இதற்கு எதற்கு சாப்ட்வேர்? எங்கள் வீட்டு அலமாரியில் கடுகு டப்பா, சீரக டப்பா, வெந்தய டப்பா என்று இதைத்தானே வைத்திருக்கிறோம் என்று கேட்டேன். ஹரி பொறுமைசாலி. சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"அதே சாப்ட்வேர்ல வேலை உத்தரவும் இருக்குங்க. குழாய் ஒழுகுது, ஃபேன் சுத்தலைன்னா, யாருக்குத் தேவையோ அவங்க பதிவு பண்ணுவாங்க. எந்த நிதியில இருந்து செலவுன்னு தலைவர் ஒப்புதல் குடுப்பாரு. அதுவரைக்கும், வேலை முடியற வரைக்கும், அந்த வரி சிவப்பா இருக்கும். முடிஞ்சா பச்சை. ஒரு மாசத்துக்கு மேல சிவப்பாவே கிடந்தா, எல்லா டிரஸ்டிக்கும் போன்ல செய்தி போயிரும்."

"இதுல யாரு என்ன செய்யலாமுங்க?" என்று கேட்டேன்.

"சிலர் பாக்கலாம். சிலர் பதியலாம். சிலர் ஒப்புதல் குடுக்கலாம். சிலர் முடிஞ்சுதுன்னு மூடலாம். நீங்க..." ஹரி கொஞ்சம் தயங்கினார். "பார்க்க மட்டும்ங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "பரவாயில்லையே, என் நிலைமை உனக்கும் வந்திருச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

ஆனால் அந்த வார்த்தை மண்டைக்குள் புகுந்து குடைய ஆரம்பித்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் எழுதி ஒட்டவில்லையே தவிர, எல்லாவற்றுக்கும் இந்தப் பிரிவினை உண்டுதானே? பிரிட்ஜைத் திறக்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது. காலி பாட்டிலில் தண்ணீர் பிடித்து உள்ளே வைக்கும் உரிமை எனக்கு மட்டும். டிவி ரிமோட்டுக்கு அவர்தான் அட்மின். சமையலறையில் அவர் பார்க்க மட்டும்... அதுவும் தட்டு வைத்த பிறகு. கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போகும்போது 'நீங்க வந்தாத்தான் சரியா வரும்' என்று வீடு தேடி வந்து கூட்டிப்போவார்கள். கடையில் போய் நாள் முழுக்க உட்கார்ந்தால் புரியும், எடுக்கிறவர் வேறு என்று.

சரி, பார்க்க மட்டும்தானே விட்டிருக்கிறார்கள், பார்த்துவிடுவோம் என்று தினமும் காலையில் காபியோடு உட்கார ஆரம்பித்தேன்.

சீரியல் தோற்றுப்போகும், நம்புங்கள். ஹாலில் ஜன்னல் கண்ணாடி உடைந்தது, பிசியோதெரபி ரூமில் ஃபேன் சத்தம் போட்டது, யார் கேட்டார்கள், யார் ஒப்புதல் கொடுத்தார்கள்... எல்லாம் வரிசையாக இருக்கிறது. ஒரு விசயம் மட்டும் வினோதமாக இருந்தது. பதிந்தது, ஒப்புதல் தந்தது, மூடியது எல்லாமே ஒரே பெயரில். நாச்சிமுத்து.

நாச்சிமுத்து ஐயா எங்கள் டிரஸ்டின் தலைவர். பம்ப் ஃபவுண்டரி வைத்திருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். குரல் பெரிசு, மனசும் பெரிசு. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் இவ்வளவு நேரம் உட்காருகிற ஆள் இல்லையே? ஒரு பதிவைப் பார்த்ததும் எனக்குக் காபி புரையேறிவிட்டது. போன முகூர்த்தத்தன்று காலை, ஹாலில் டியூப்லைட் மாற்ற அவர் ஒப்புதல் கொடுத்திருக்கிறார். அந்த நேரத்தில் அவர் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, இரண்டாம் தடவை பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சாட்சி.

ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்தது மேகலா. மதுக்கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். டிரஸ்ட் ஆபீஸே அவள்தான்.

"அதுவாங்க அக்கா... எல்லாருமே ஐயா பேருலதானுங்க உள்ள போவோம். பொருளாளர் சாரும் அப்படித்தானுங்க."

"உங்களுக்கெல்லாம் தனித்தனியாப் போட்டுக் குடுத்தாங்களே?"

"குடுத்தாங்க. ஐயா இருக்கும்போது நம்ம பேருல எப்படிங்க அக்கா? மரியாதையா இருக்காதுங்களே. ஐயாகிட்ட கேட்டோம், நமக்குள்ள என்ன கண்ணுன்னு பாஸ்வேர்ட சொல்லிப்போட்டாருங்க."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உலகத்தில் எந்த ஊரிலும் பாஸ்வேர்டைத் திருடுவார்கள். எங்கள் ஊரில்தான் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கேட்டவரிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் மனசு நோகாதா? பல்லு குத்த ஈர்க்கு கேட்டால் விளக்குமாறையே எடுத்துக் கொடுக்கும் ஜனம் நாங்கள்.

அந்தச் சிரிப்போடு விட்டிருப்பேன். லிஃப்ட் விடவில்லை.

வரிசையில் ஒரு வரி: 'லிஃப்ட் பழுது. கோரியவர்: ரேவதி.' சிவப்பு நிறம். பதிந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சரி, புதுசு போல என்று நினைத்தேன். அடுத்த வாரம் பார்த்தால், அது முடிந்ததாகப் பச்சையில் இருக்கிறது. அதற்குக் கீழேயே இன்னொரு வரி: 'லிஃப்ட் பழுது. கோரியவர்: ரேவதி.' அதற்கும் இரண்டு மூன்று நாள்தான் வயசு. பழைய பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஆவணி முழுக்க, புரட்டாசி, ஐப்பசி... வாரா வாரம் லிஃப்ட் கெட்டுப்போகிறது. வாரா வாரம் திங்கட்கிழமை காலையில் சரியாகிவிடுகிறது. மத்தியானம் மறுபடி கெட்டுப்போகிறது.

இதென்ன லிஃப்ட்டா, மலேரியாக் காய்ச்சலா?

அந்த வாரமே ஒரு விசேஷ வீட்டில் நாச்சிமுத்து ஐயாவைப் பார்த்தேன். "ஏனுங்க, நம்ம லிஃப்ட்டுக்கு என்னாச்சுங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் நெஞ்சில் கை வைத்தார். "அந்த லிஃப்ட்டு மெக்கானிக்கு பாவமுங்க அம்மணி. வாரா வாரம் வந்து சரி பண்ணிட்டுப் போறான். நானும் திங்கக்கெழமையானா பாக்கறனே, முடிஞ்சுது, முடிஞ்சுதுன்னு வருது. மனசு கேக்காம ஆயுத பூசைக்கு அவனைக் கூப்புட்டு வேட்டி சட்டை எடுத்துக் குடுத்தனுங்க."

"வாங்கிட்டுப் போனாருங்களா?"

"குடுத்தா வாங்காம என்ன பண்ணுவான்?"

இதற்கு மேல் வீட்டில் உட்கார்ந்து பார்த்துப் பயனில்லை. ஒரு புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனேன்.

லிஃப்ட் கட்டடத்தின் பின்பக்கம். ஆபீசிலிருந்து தெரியாது. கதவில் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. கட்டிய மாவிலை சுருண்டு கிடந்தது. கதவுக்கு முன்னால் யாரோ ஒரு குரோட்டன்ஸ் தொட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஓடுகிற லிஃப்ட்டுக்கு முன்னால் தொட்டி வைப்பார்களா? அந்த மெக்கானிக் பூசைக்கு வந்திருக்கிறார், பொரி கடலை சாப்பிட்டிருக்கிறார், வேட்டி வாங்கியிருக்கிறார். ரிப்பேர் செய்யவில்லை.

அப்போது படிக்கட்டுப் பக்கம் சத்தம் கேட்டது. "பாத்து பாத்து... இந்தப் பக்கம் தூக்கு..." என்று பெண்களின் குரல். திரும்பினேன். இரண்டு மாணவிகள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். நாற்காலியில் ரேவதி. ஊன்றுகோல் இரண்டும் மடியில்.

ரேவதிதான் மாடியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. சில வருசங்களுக்கு முன்னால் அவினாசி ரோட்டில் பைக் விபத்து. கைத்தாங்கல் வைத்த ஊன்றுகோல்களோடு நன்றாக நடப்பாள். சமதரையில் என்னைவிட வேகம். படிதான் முடியாது. அவளுக்காகத்தான் இந்த டிரஸ்ட் லிஃப்ட்டே வைத்தது என்றுகூடச் சொல்வார்கள். அவளிடம் படித்த பெண்கள் இன்று எத்தனையோ ஆபீஸ்களில் இருக்கிறார்கள்.

மேலே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு மூச்சு வாங்கியது. அவளுக்குச் சிரிப்பு.

"பல்லக்குல வர்றேன் பாருங்க மேடம்" என்றாள்.

"எத்தனை நாளா கண்ணு இப்படி?"

"ஆடி முடிஞ்சதுல இருந்துங்க."

"நீ யாருகிட்டயும் சொல்லலையா?"

"சொல்லாம என்னங்க மேடம்? மேகலாக்காகிட்ட சொல்லிட்டேதான் இருக்கறேன். பண்ணிரலாம் பண்ணிரலாம்ங்கறாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியலைங்க." ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "புள்ளைங்க ஆசையாத்தான் தூக்கறாங்க. ஆனா கூச்சமா இருக்குதுங்க. நான் பாடம் நடத்தறவ. என்னைய மூட்டை மாதிரி தூக்கிட்டு வந்து எறக்கி வெச்சுட்டு, அப்புறம் அவங்களே எந்திரிச்சு நின்னு குட்மார்னிங் சொன்னா... ஒரு மாதிரி இருக்குமுங்களே."

தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"பகல்ல தண்ணி குடிக்கறதில்லைங்க மேடம். பாத்ரூமு கீழதான இருக்குது? அதுக்கு ஒருக்கா தூக்கச் சொல்லோணும், மறுபடி ஏத்தச் சொல்லோணும்... காலையில ஊட்டுல குடிக்கறது, பொழுதோட ஊட்டுக்குப் போயிக் குடிக்கறது."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் காபி குடித்துக்கொண்டே ரசித்துப் பார்த்த அந்தச் சிவப்பு வரியின் மறுபக்கம் இது. தாகத்தோடு பாடம் நடத்தும் ஒரு பெண்.

"ஈரோட்டுல ஒரு மஞ்சள் மண்டியில கணக்கு வேலை வந்திருக்குதுங்க" என்றாள். "ஆபீஸு தரைத்தளம். தங்க ரூமும் பாத்துட்டேன். தை பொறந்ததும் போயிரலாம்னு இருக்கறேன். இங்கிருந்து போக மனசே இல்லைங்க. என்ன பண்றது?"

கீழே இறங்கியபோது நல்ல கோபத்தில் இருந்தேன். நேரே மேகலாவின் மேஜைக்குப் போய், கேட்க வேண்டியதைக் கேட்டேன். வாரா வாரம் திங்கட்கிழமை அந்த லிஃப்ட்டைப் பச்சையாக்குவது யார்?

மேகலா மறைக்கவே இல்லை.

"நாந்தானுங்க அக்கா."

"ஏன்?"

"திங்கக்கெழமை காலையில ஐயா வருவாருங்க. வந்ததும் இந்தத் திரையத்தான் பாப்பாரு. ஒப்புதல் குடுக்காத வேலையெல்லாம் அவரு பேருக்கு நேரா செவப்பா நிக்குமுங்க. பெரிய மனுசன் பேருக்கு நேரா செவப்புப் போட்டு வெச்சா, வேலை செய்யாதவருன்னு சொல்ற மாதிரி இருக்காதுங்களா? பக்கத்துல வேற ஆளுகளும் இருப்பாங்க. அதனால அவரு வர்றதுக்கு முன்னால எல்லாத்தையும் மூடிப்போடுவேன். போனதும் மறுபடி புதுசாப் பதிஞ்சுருவேனுங்க."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது எல்லாம் புரிந்தது. சின்னச் சின்ன வேலைகளுக்கு ஐயா வாயாலேயே சொல்லிவைத்திருந்தார், 'நீயே பாத்துக்க கண்ணு' என்று. அதனால் டியூப்லைட்டும் குழாயும் தடையில்லாமல் நடந்தன. லிஃப்ட் அப்படி இல்லை. பெரிய பார்ட் ஒன்று மாற்ற வேண்டும். கட்டட நிதியிலிருந்து எடுக்க வேண்டும். அதைத் தொடுவதற்குத் தலைவர் ஒருவர்தான் சரி சொல்லலாம். மேகலா நேர்மையான பெண். பாஸ்வேர்டு கையில் இருந்தும் அந்த ஒப்புதலை அவளாகத் தரவில்லை. அவரைத்தான் கேட்க வேண்டும். அந்தச் சிவப்பு வரிதான் அவரிடம் கேட்கும் கேள்வி. அவர் வருகிற அன்று மட்டும், மரியாதைக்காக, அதை மறைத்துவிடுகிறாள். ஒரு மாதம் ஆனால் எங்களுக்கெல்லாம் போக வேண்டிய செய்தியும் போகவில்லை. எப்படிப் போகும்? அந்த வேலை உத்தரவு வாரா வாரம் புதிதாய்ப் பிறந்துகொண்டே இருக்கிறதே.

"வாயாலயாவது சொல்லியிருக்கலாமே மேகலா?"

"ஒருக்கா சொன்னேனுங்க அக்கா. ஐயா, லிஃப்ட்ட கொஞ்சம் பாக்கோணுங்கன்னேன். அவரு திரையப் பாத்தாரு. முடிஞ்சுதுன்னு போட்டிருக்குதே கண்ணுன்னாரு. நான்தான் அப்படிப் போட்டேன்னு எப்படிங்க சொல்லுவேன்? ஆமாங்கன்னுட்டேன்."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது அவளுக்கு. ரேவதியைத் தூக்கும்போது மேகலாவும் பல தடவை ஒரு பக்கம் பிடித்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. கோபப்பட வந்த நான் யார் மேல் கோபப்படுவது?

ஒரே ஒரு உதவி கேட்டேன். வருகிற திங்கட்கிழமை, லிஃப்ட்டை மட்டும் பச்சையாக்க வேண்டாம்.

"ஐயோ அக்கா... என்ர வேலை போயிருமுங்க."

"நான் பக்கத்துலயே உக்காந்திருக்கறேன்."

திங்கட்கிழமை. நாச்சிமுத்து ஐயா ஃபவுண்டரிக்குப் போகிற வழியில், வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். என்னைப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, இன்னிக்கு அதிசயமா?" என்றார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மேகலா திரையைத் திருப்பினாள்.

வரிசையெல்லாம் பச்சை. நடுவில் ஒரே ஒரு சிவப்பு.

ஐயா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். சிவப்பு போகவில்லை.

"இதென்ன கண்ணு?"

மேகலா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசிவிட்டாள்.

"லிஃப்ட்டுங்க ஐயா. ரிப்பேரே பண்ணலைங்க. ஐயா ஒப்புதலுக்காக ஆவணியில இருந்து கெடக்குதுங்க. வாரா வாரம் நாந்தான் பச்சையாக்கிப்போடுவேன்."

"எதுக்கு?"

"ஐயா பேருக்கு நேரா செவப்பு இருக்கக் கூடாதுன்னுங்க."

ஃபவுண்டரியில் அவர் போடும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்பார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. ரொம்ப மெதுவாக ஒரு கேள்விதான் வந்தது.

"அப்ப அந்தப் புள்ள இத்தனை நாளா எப்படி மேல போச்சு?"

"தூக்கிட்டுப் போறோமுங்க ஐயா."

எழுந்தார். பின்பக்கம் போய் லிஃப்ட் கதவைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். அப்புறம் படிக்கட்டின் அடியில் நின்று மேலே அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் சுண்டியிருந்தது.

"எனக்கு மரியாதை பண்றேன்னு ஒரு புள்ளைய இப்படி ஆக்கி வெச்சுட்டீங்களே" என்றார். "செவப்பு வந்தா நாலு பேரு முன்னால கேவலம்னு நெனச்சியா கண்ணு? கேவலம் எது?"

மேகலா அழுதேவிட்டாள். "செரி செரி, அழுவாத. என்கிட்ட கெட்டது சொல்லலாம்னு உனக்குத் தோணலையே, அது என்ர தப்புத்தான" என்றவர், திரை பக்கம் திரும்பினார். "எதை அமுத்தோணும்?"

அத்தனை மாதமாக அவர் பெயரில் நூற்றுக்கணக்கில் ஒப்புதல்கள். அந்தப் பட்டனை அவர் விரல் தொட்டது அன்றுதான் முதல் தடவை.

அடுத்து ஹரிக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, இனிமேல் அவங்கவங்க அவங்க பேருலயே உள்ள போகட்டும். அப்புறம், இந்த வேலை முடிஞ்சுதுன்னு மூடறாங்களே, அது ஆரு மூடறது?"

"ஆபீஸ்லதான் சார் மூடுவாங்க."

"வேண்டாம். லிஃப்ட்டுல போறவதான் சொல்லோணும் முடிஞ்சுதான்னு. எந்த வேலையும் ஆரு கேட்டாங்களோ அவங்களே மூடட்டும்."

"டீச்சர்ஸுக்கு அந்த ஆக்சஸ் பொதுவா..."

"குடுத்துப்போடு தம்பி."

எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஒரு வேலை முடிந்ததா இல்லையா என்று யார் சொல்ல வேண்டும்? செய்தவரா, செய்யச் சொன்னவரா, தேவைப்பட்டவரா? ரோடு போடுவதிலிருந்து வீட்டு மிக்சி ரிப்பேர் வரைக்கும் நாம் தப்பான ஆளையே கேட்டுக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றியது.

கைதட்டுவதற்குள் ஐயா அடுத்ததைச் சொன்னார். "மேகலா, என்ர பாஸ்வேர்டையும் மாத்திப்போடு."

"என்னன்னு வெக்கட்டுங்க ஐயா?"

"உனக்கு மறக்காத மாதிரி வெய்யி கண்ணு. நான் எங்க ஞாபகம் வெச்சுக்கறது?"

ஸ்பீக்கரில் ஹரி பெருமூச்சு விட்டது எங்களுக்கெல்லாம் கேட்டது.

பார்ட் வந்தது. இந்த முறை மெக்கானிக் நிஜமாகவே வந்தார். தொட்டியை நகர்த்தினார்கள். லிஃப்ட் ஓடியது. அதற்கடுத்த திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று பார்க்காமல் என்னால் வீட்டில் இருக்க முடியுமா? போனேன்.

ஐயா வந்தார். திரையைப் பார்த்தார். லிஃப்ட் வரி இன்னும் சிவப்பு.

"ஓடுதுன்னாங்களே?"

மேகலாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ரேவதி மூடோணுங்க ஐயா. மறந்துட்டா போல. நான் வேணும்னா..." என்று இழுத்தாள். ஐயா ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

ரேவதியைக் கூப்பிட்டார்கள். மாடியிலிருந்து லிஃப்ட்டிலேயே இறங்கி, டக் டக்கென்று ஊன்றுகோல் சத்தத்தோடு வந்து நின்றாள்.

"ஏன் கண்ணு, லிஃப்ட்டு சரியாயிருச்சில்ல?" ஐயாவின் குரலில் ஆசை தெரிந்தது.

மேகலா அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

ரேவதி ஊன்றுகோல்களை நன்றாக ஊன்றிக்கொண்டாள்.

"இன்னும் முடியலைங்க ஐயா" என்றாள். "ஓடுதுங்க. ஆனா மேல போயி நிக்கும்போது தரைக்குச் சமமா நிக்கறதில்லை. ரெண்டு விரக்கடை கீழ எறங்கி நிக்குது. வெளிய வரும்போது ஊன்றுகோல் தட்டுதுங்க. வெள்ளிக்கெழமை விழப் பாத்தேன்."

எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய மனிதரின் முகத்துக்கு நேரே 'முடியலை' என்று யாராவது சொல்லி நான் கேட்டதில்லை.

ஐயா போனை எடுத்தார். மெக்கானிக்கை அவரே கூப்பிட்டார். "நாளைக்கு வாரேனுங்க" என்று அந்தப் பக்கம் சொன்னது கேட்டது. "நாளைக்கு நானும் வாரேன்" என்றார் இவர். வைத்துவிட்டு ரேவதியைப் பார்த்தார்.

"நாளைக்குப் பண்ணிருவான். அதுவரைக்கும் இது இப்படியே செவப்பாக் கெடக்கட்டுமா கண்ணு?"

"கெடக்கட்டுங்க ஐயா. சரியானதும் நானே மூடறேன். நான் எங்கீங்க போயிரப் போறேன்?"

ஈரோட்டு மஞ்சள் மண்டி முதலாளி இந்தப் பக்கத்தைப் படிக்கிறவராக இருந்தால்... கணக்குக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்க.